கேள்விக்குக் காத்திருக்கும் அட்டை

2003 நவம்பரில் மத்திய உள்துறை அமைச்சகம் 12 மாநிலங்களிலும் ஒரு யூனியன் பிரதேசத்திலுமாக 13 மாவட்டங்களைத் தேர்ந்தெடுத்தது. கட்ச், ஜெய்சல்மேர், கதுவா, முர்ஷிதாபாத், பிதோராகர் என்று நீளும் அந்தப் பட்டியலில் தமிழ்நாட்டின் சார்பில் இருந்த ஒரே மாவட்டம் இராமநாதபுரம். பன்முகப் பயன்பாட்டுத் தேசிய அடையாள அட்டை என்ற பெயரில், நெஞ்சில் சிப் பதித்த ஒரு பிளாஸ்டிக் அட்டையை மக்கள் கையில் கொடுத்துப் பார்க்கும் முன்னோடித் திட்டம் அது. கார்கில் போருக்குப் பின் அமைச்சர்கள் குழு 2001இல் கொடுத்த அறிக்கை, இப்படியொரு அட்டையை எல்லைப்புற மாவட்டங்களில் தொடங்கச் சொல்லியிருந்தது. மற்ற மாவட்டங்களில் எல்லையை மணலிலும் மலையிலும் தேடலாம். இங்கே எல்லை கடலுக்குள் கிடக்கிறது. தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னார் சுமார் 30 கிலோமீட்டர்தான்.

அந்த அட்டை எங்கிருந்து புறப்பட்டு இந்தக் கரைக்கு வந்தது, வந்த பிறகு அதற்கு என்ன ஆனது என்பதை எழுதிவைக்க வேண்டும் என்று எனக்கு நெடுநாளாக எண்ணம். ஆதார் என்ற பெரிய கதையின் நிழலில் இது மறைந்துபோய்விட்டது. ஆனால் கடலில் ஒருவன் தன்னை யாரென்று நிரூபிக்க, ஆதாரை விடப் பொருத்தமான பொருள் இதுவே என்பது என் உறுதியான எண்ணம்.

இந்தக் கரைக்கு அடையாள வில்லை புதிதல்ல. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கைத் தோட்டங்களுக்கு வேலைக்குப் போன தமிழ்த் தொழிலாளர்களின் கழுத்தில் தகரத்தால் ஆன டிக்கெட் தொங்கியது. எந்த வட்டாரம், எந்தத் தோட்டம், எத்தனையாவது ஆள் என்பது அதில் எழுத்தாகவும் எண்ணாகவும் பொறிக்கப்பட்டிருக்கும். அதைக் காட்டினால் ரயிலில் ஏறலாம், கப்பலில் ஏறலாம். செலவு தோட்டத்தின் கணக்கில் ஏறும். மண்டபத்தில் இலங்கை அரசு நடத்திய நோய்த்தடுப்பு முகாமில் நாள்கணக்கில் அடைந்து கிடந்துவிட்டு, 1914இல் பாம்பன் பாலம் திறந்த பிறகு தனுஷ்கோடிவரை ரயிலிலும் அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பலிலும் போனவர்கள் அவர்கள். தகர டிக்கெட் எவர் கழுத்தில் கிடக்கிறதோ அவரே அந்த எண்ணுக்குரிய ஆள். கழற்றி இன்னொருவர் மாட்டிக்கொண்டால் தகரத்துக்குத் தெரியாது. அதைவிட முக்கியமாக, அந்த வில்லை தொழிலாளிக்காகச் செய்யப்பட்டது அல்ல. முதலாளியின் கணக்குக்காகச் செய்யப்பட்டது. அடையாளம் என்று எது வந்தாலும் அது யாருடைய வேலையைச் செய்கிறது என்று கேட்கும் பழக்கம், இந்தக் கரையின் வரலாற்றைப் படித்தவர்களுக்கு வந்துவிடும்.

தகரத்துக்கும் சிப்புக்கும் உள்ள வேறுபாடு, சிப்பால் மறுக்க முடியும் என்பது. ஜெர்மனியில் யூர்கன் டெத்லோஃப், ஹெல்முட் குரோட்ருப் இருவரும் 1960களின் இறுதியில் அட்டைக்குள் மின்சுற்றை வைக்கும் யோசனைக்குக் காப்புரிமை கேட்டார்கள். 1974இல் பிரான்சில் ரோலாண்ட் மொரேனோ நினைவகத்தோடு கூடிய அட்டைக்குக் காப்புரிமை பெற்றார். அதே நாட்டில் புல் நிறுவனத்தின் மிஷேல் உகோன் 1970களின் பிற்பகுதியில் நினைவகத்தோடு ஒரு சிறு செயலியையும் உள்ளே வைத்தார். இந்தக் கடைசி அடிதான் திருப்பம். நினைவகம் மட்டும் இருந்தால் எவரும் படித்துவிடலாம். செயலி இருந்தால், கேட்பவர் யார் என்று பார்த்துவிட்டுப் பதில் சொல்லலாம், சொல்லாமலும் இருக்கலாம்.

அந்தச் செயலிக்கு ஒரு மொழி வேண்டும். 1990களின் நடுப்பகுதிவரை ஒவ்வொரு அட்டைத் தயாரிப்பாளரும் தத்தம் வழியில், அந்தந்தச் சிப்புக்கே உரிய மொழியில் எழுதி, அதைச் சிப் வார்க்கும்போதே அழியா நினைவகத்தில் பதித்துவிடுவார்கள். ஒரு பிழை கண்டுபிடித்துத் திருத்த மாதங்கள் ஆகும். 1996இல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம் ஆஸ்டினில், எண்ணெய்க் கிணற்று வேலைக்குப் பெயர்போன ஷ்லும்பெர்ஜர் நிறுவனத்தின் அட்டைப் பிரிவுப் பொறியாளர்கள், ஜாவா மொழியைச் சுருக்கிச் சுருக்கி ஓர் அட்டைக்குள் அடக்கிக் காட்டினார்கள். அடுத்த ஆண்டு புல், ஜெம்பிளஸ் முதலிய நிறுவனங்கள் சேர்ந்து ஜாவா கார்டு மன்றத்தை அமைத்தன. 1999இல் வந்த 2.1 பதிப்பில் அதன் மெய்நிகர் இயந்திரத்துக்குத் திட்டவட்டமான வரையறை கிடைத்தது. ஒரு நிறுவனத்தின் சிப்புக்கு எழுதிய நிரலை இன்னொரு நிறுவனத்தின் சிப்பிலும் ஏற்றலாம், அட்டையை மக்களிடம் கொடுத்த பிறகும் புதியதை ஏற்றலாம் என்ற நிலை அப்போது பிறந்தது. இன்று பாம்பன் ஜெட்டியில் நிற்கும் எந்த மீனவரின் கைபேசியைத் திறந்தாலும், அதன் சிம் கார்டுக்குள் பெரும்பாலும் இந்த ஜாவா கார்டுதான் இருக்கும்.

சுருக்கினார்கள் என்று சொன்னேன். எவ்வளவு சுருக்கம் என்பதைத் தெரிந்துகொண்டால்தான் இந்தக் கைத்தொழிலின் அழகு புரியும். வழக்கமான ஜாவாவில் எழுதுகிறவர்கள் நினைவகத்தைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. தேவையில்லாததைப் பொறுக்கி எடுத்துப் போட ஓர் ஏற்பாடு பின்னால் ஓடிக்கொண்டே இருக்கும். பழைய ஜாவா கார்டில் அந்த ஏற்பாட்டை நம்பி எழுத முடியாது. தற்காலிக நினைவகம் ஒன்றிரண்டு கேபி இருந்தால் பெரிது. தசம எண் இல்லை. எழுத்துச் சரம் இல்லை. ஒரே நேரத்தில் இரண்டு வேலை இல்லை. முழு எண்கூட 16 பிட் அளவுக்குத்தான் உறுதி. ஆகவே தேவையான இடம் முழுவதையும் நிரலை நிறுவும்போதே ஒதுக்கி வைத்துக்கொண்டு, பிறகு புதிதாக எதையும் உருவாக்காமலே அட்டையின் ஆயுள் முழுவதும் ஓட்ட வேண்டும். நிரலுக்கு முக்கியமாக மூன்று வாசல்கள்: நிறுவும்போது ஒன்று, தேர்ந்தெடுக்கப்படும்போது ஒன்று, கட்டளை வரும்போது ஒன்று. நான்கு பக்கம் எழுதினால் ஓர் அட்டை உயிர்பெற்றுவிடும். ஆனால் அந்த நான்கு பக்கத்தில் ஒரு வரிகூட வீணாக இருக்கக் கூடாது.

எழுதிக்கொண்டிருக்கும்போதே அட்டையை வெடுக்கென்று உருவிவிட்டால்? அட்டைக்குச் சொந்த மின்சாரம் கிடையாது. அதைப் படிக்கும் கருவியான ரீடர் கொடுக்கும் மின்சாரம்தான் அதன் மூச்சு. பாதி எழுதிய பதிவு பாதியில் நின்றுவிடும். இதற்காக ஜாவா கார்டில் ஒரு பரிவர்த்தனை முறை உண்டு. தொடக்கம் என்று அறிவித்து, மாற்ற வேண்டியவற்றை மாற்றி, முடிவு என்று அறிவிக்க வேண்டும். முடிவு வருவதற்குள் மின்சாரம் போனால், அடுத்த முறை மின்சாரம் வந்தவுடன் சிப் பழைய நிலைக்கே திரும்பிவிடும். அலையில் ஆடும் படகில், ஈரக் கையோடு நிற்பவரிடம் வாங்கிச் செருகும் அட்டைக்கு இதைவிடத் தேவையான குணம் வேறு இல்லை.

இனி கான்பூர். 2000களின் தொடக்கத்தில் ஓட்டுநர் உரிமத்தையும் வாகனப் பதிவுச் சான்றையும் சிப் அட்டையில் கொடுக்க மத்திய அரசு விரும்பியது. ஒரு மாநிலம் ஒரு நிறுவனத்திடமும் அடுத்த மாநிலம் இன்னொரு நிறுவனத்திடமும் அட்டை வாங்கினால், மதுரையில் கொடுத்த உரிமத்தைக் கொச்சியில் படிக்க முடியாது. கான்பூர் ஐஐடியில் பேராசிரியர் ரஜத் மூனாவும் உடன் உழைத்தவர்களும், தேசியத் தகவலியல் மையமும் சேர்ந்து ஸ்காஸ்டா என்ற விவரக்குறிப்பை உருவாக்கினார்கள். போக்குவரத்துப் பயன்பாட்டுக்கான ஸ்மார்ட் கார்டு இயக்க முறைமை என்பது அதன் விரிவு. அட்டைக்குள் கோப்புகள் எப்படி அடுக்கப்பட வேண்டும், எந்தக் கட்டளைக்கு என்ன பதில், எந்தச் சாவி எதைத் திறக்கும் என்பதையெல்லாம் ஐஎஸ்ஓ 7816 தரத்தை ஒட்டி வரையறுத்தார்கள். குறிப்பு பொதுவில் இருந்தது. அதன்படி எந்த நிறுவனமும் அட்டை செய்யலாம். இந்தியப் பல்கலைக்கழகம் ஒன்று நாட்டுக்குச் செய்த அமைதியான, பெரிய உதவிகளில் இதை வைப்பேன். லாரிக்காரர்களுக்காக எழுதிய இந்த இலக்கணமே பிறகு தேசிய அடையாள அட்டைக்கும் போனது. இராமநாதபுரத்துக்கு வந்த அட்டையில் 16 கேபி நினைவகம் கொண்ட ஸ்காஸ்டா சிப் இருந்தது.

உள்ளே இருப்பது ஸ்காஸ்டாவா, ஜாவா கார்டா என்பது வெளியே இருக்கும் ரீடருக்கு ஒரு பொருட்டே அல்ல. இரண்டும் ஒரே தரத்தில் பேசுகின்றன. அட்டையின் முகத்தில் தங்க நிறத்தில் தெரியும் தொடுபுள்ளிகள் வழியே ரீடர் மின்சாரமும் கடிகாரத் துடிப்பும் கொடுத்து எழுப்புகிறது. அட்டை தன்னைப் பற்றிய ஒரு சிறு விடையை அனுப்புகிறது. அதிகபட்சம் 33 பைட். அதற்குப் பிறகு அட்டை தானாக ஒரு சொல்லும் பேசாது. ரீடர் கேட்க வேண்டும், அட்டை பதில் சொல்ல வேண்டும். கேள்வி சில பைட்டுகளில் முடிந்துவிடும்: வகை, கட்டளை, இரண்டு குறிப்புகள், தேவைப்பட்டால் தரவு. பதினாறடிமான எண்முறையில், 'இந்தக் கோப்பைத் தேர்ந்தெடு' என்பதற்கு ஏ4, 'படித்துச் சொல்' என்பதற்கு பி0. பதிலின் கடைசி இரண்டு பைட் 90 00 என்றிருந்தால் எல்லாம் நலம். 69 82 என்று வந்தால், 'நீ யாரென்று எனக்குத் தெரியாது, இதை உனக்குச் சொல்ல மாட்டேன்' என்று பொருள்.

ரீடர் பக்கத்து நிரலை எழுத, 2006இன் இறுதியில் வந்த ஜாவா 6 பதிப்பிலிருந்து ஒரு தொகுப்பு இருக்கிறது. மடிக்கணினியில் யுஎஸ்பி ரீடரைச் செருகி, இணைந்திருக்கும் ரீடர்களின் பட்டியலைக் கேட்டு, ஒன்றைத் தேர்ந்து, அட்டையோடு இணைந்து, கட்டளையை அனுப்பிப் பதிலைப் பெற இருபது வரி போதும். அந்த இருபது வரியில் புதியவர்கள் எல்லோரும் தடுக்கி விழும் ஒரு கல் உண்டு. ஜாவாவில் பைட் என்பது -128 முதல் 127 வரை. ஏ4 என்ற கட்டளையின் மதிப்பு 164. அதை ஒரு பைட்டில் போட்டால் -92 ஆகத் தெரியும். வெற்றியைக் குறிக்கும் 90, அதாவது 144, திரும்பி வரும்போது -112 ஆகக் காட்சியளிக்கும். குறியை உதறி எண்ணை மீட்டெடுக்கக் கற்றுக்கொண்ட பிறகுதான் அட்டை பேசுவது காதில் விழத் தொடங்கும்.

தமிழ்ப் பெயரை உள்ளே வைக்கப் போனால் இன்னொரு கல். 'இராமநாதபுரம்' என்று எழுதினால் நம் கண்ணுக்கு எட்டு எழுத்து. யூனிகோடில் அது 12 குறியீடு, ஏனென்றால் காலும் உகரக் குறியும் புள்ளியும் தனித்தனியாக எண்ணப்படும். யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் 3 பைட், ஆக 36 பைட். அதே ஊரின் பெயர் ஆங்கிலத்தில் 14 பைட்டில் முடிந்துவிடும். பெயருக்கு 32 பைட் போதும் என்று ஒதுக்கிவிட்டால், ஊர் 'இராமநாதபுர' என்று நின்று, கடைசி மகரம் இரண்டு பைட்டோடு உடைந்து கிடக்கும். திரையில் ஒரு கட்டமோ கேள்விக்குறியோ தெரியும். கடலோரப் பெயர்கள் வேறு நீளமானவை. அந்தோணியார், சந்தியாகு, செய்யது இபுராகிம், முனியசாமி என்ற பெயர்களோடு தந்தை பெயரும், தங்கச்சிமடம், திருப்பாலைக்குடி, தேவிபட்டினம் என்று ஊர்ப் பெயரும் சேர வேண்டும். 16 கேபி சிப்பில் படமும் கைரேகையும் எடுத்துக்கொண்டது போக மிச்சத்தில்தான் இவை குடியிருக்க வேண்டும். ஒருவர் பெயரை அவர் மொழியில் முழுதாக எழுதுவது என்பது சின்ன மரியாதை அல்ல. அதற்கான இடத்தை முதல் நாளே ஒதுக்குகிறவர்தான் நல்ல நிரலாளர்.

அந்த முன்னோடி அட்டையின் முதல் பிரதிகள் 2007 மே மாதம் டெல்லியில் வழங்கப்பட்டன. 2009 மார்ச் 31இல் திட்டம் முடிந்தபோது 13 மாவட்டங்களிலும் சேர்த்து 12 லட்சத்துக்கும் மேற்பட்ட அட்டைகள் கொடுக்கப்பட்டிருந்தன. தொழில்நுட்பம் தடுக்கவில்லை. குடியுரிமையைச் சரிபார்ப்பதுதான் இடித்தது. கிராமங்களில் மக்களிடம் ஆவணங்கள் குறைவு என்பதை அரசே திட்டத்தின் பாடமாகப் பதிவுசெய்தது. இந்தக் கரையை அறிந்தவர்களுக்கு அது வியப்பாக இருக்காது. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி என்ற ஊரே போனது. வீடு போனவர்களிடம் பிறப்புச் சான்று எங்கே என்று கேட்டால் எதைக் காட்டுவார்கள்? 1983க்குப் பிறகு அக்கரையான இலங்கையிலிருந்து அலை அலையாக வந்த அகதிகளில் பலர் அதே மண்டபத்தில் முகாம் அட்டையோடு வாழ்கிறார்கள். சிப் எவ்வளவு கெட்டியாக இருந்தாலும் உள்ளே எழுதும் தகவல் ஒரு மனிதர் இன்னொரு மனிதரைக் கேட்டு எழுதியதுதான்.

திட்டம் முடிவதற்கு முன்பே காற்று திசை மாறிவிட்டது. 2008 நவம்பர் 26இல் மும்பையைத் தாக்கியவர்கள் குஜராத்தின் குபேர் என்ற மீன்பிடிப் படகைக் கைப்பற்றி, அதிலிருந்தவர்களைக் கொன்று, கடல் வழியாக வந்தார்கள். பாதிக்கப்பட்ட முதல் மனிதர்கள் மீனவர்கள். ஆனால் அதற்குப் பிறகு சந்தேகப் பார்வை விழுந்ததும் மீனவர்கள்மீதுதான். கடற்கரைக் கிராமங்களில் 18 வயது நிரம்பியவர்களுக்கு 64 கேபி சிப்போடு குடியிருப்போர் அடையாள அட்டை கொடுக்கும் வேலை தொடங்கியது. முதல் கட்டத்தில் நாடு முழுவதும் 3,331 கிராமங்கள். 2009இன் இறுதியில் கடல் மீனவர்களுக்கென்று தனியாக ஒரு பயோமெட்ரிக் அட்டைத் திட்டமும் வந்தது. இரண்டையும் செய்தது பாரத் எலக்ட்ரானிக்ஸ் தலைமையில், ஈசிஐஎல், ஐடிஐ ஆகியவை சேர்ந்த பொதுத்துறைக் கூட்டமைப்பு. பெங்களூரிலிருந்து கேமராவும் விரல்ரேகைப் பட்டையும் கடலோரக் கிராமங்களுக்குப் பயணப்பட்டன. வலையும் கயிறும் உப்பும் தேய்த்த விரல்களைக் கண்ணாடிமேல் வைத்து அழுத்தினார்கள் மக்கள். அப்படித் தேய்ந்த விரலில் ரேகை எடுப்பது எவ்வளவு பாடு என்பது ரேஷன் கடையில் நின்ற எவருக்கும் தெரியும்.

இப்படிச் சில ஆண்டுகளுக்குள் மூன்று வகைச் சிப் அட்டை இந்த ஒரே கரைக்கும் சேர்த்துத் திட்டமிடப்பட்டது. ஆனால் அட்டை பாதிப் பொருள்தான். மறுபாதி ரீடர். அந்த ரீடருக்குள் சரியான சாவி இருக்க வேண்டும், அதைக் கையில் வைத்திருப்பவர் கேட்கப் பழகியிருக்க வேண்டும். இராமேஸ்வரம் விசைப்படகு கடலுக்குப் போக மீன்வளத் துறையிடம் வாங்குவது டோக்கன். படகுக்கு உரிய சீட்டு அது. தடைக்கால நிவாரணம் போவது வங்கிக் கணக்குக்கு. 2023 ஆகஸ்டில் மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில் அது 5,000 ரூபாயிலிருந்து 8,000 ரூபாயாக உயர்த்தி அறிவிக்கப்பட்டபோதும் வழி அதுவே. மீனவரின் வாழ்க்கையில் அன்றாடம் நடக்கும் எதையும் அந்தச் சிப் தொடவில்லை. கடலோரக் காவலர் கேட்டால் காட்ட வேண்டிய அட்டை என்ற ஒரே வேலைதான் அதற்கு. காட்டினால் முகப்புப் படத்தைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கலாம். அதற்குச் சிப் தேவையே இல்லை.

பிறகு ஆதார் எல்லாவற்றையும் விழுங்கியது. 2009 ஜனவரியில் அதற்கான ஆணையம் அமைந்தது, 2010 செப்டம்பரில் முதல் எண் வழங்கப்பட்டது. அட்டையில் சிப் வைப்பதில்லை என்பது அதன் அடிப்படை முடிவுகளில் ஒன்று. அடையாளம் சர்வரில் இருக்கும், விரலை வைத்தால் நெட்வொர்க் வழியாகச் சரிபார்க்கும். கோடிக்கணக்கானவர்களுக்குக் குறைந்த செலவில் செய்ய அது அறிவுள்ள வழி என்பதில் எனக்கு ஐயமில்லை. தமிழ்நாட்டில் 2017 முதல் ஸ்மார்ட் கார்டு என்று வீடுதோறும் வந்த குடும்ப அட்டையிலும் சிப் கிடையாது, க்யூஆர் குறியீடுதான். மீனவர்களுக்கும் பழைய பயோமெட்ரிக் அட்டைக்குப் பதிலாக க்யூஆர் குறியீடு கொண்ட பிவிசி ஆதார் அட்டை வந்தது.

நிலத்தில் இது போதும். கடலில் போதாது என்று நான் நினைப்பதற்குக் காரணம் இருக்கிறது. கரையிலிருந்து சில கடல் மைல் போனால் கைபேசி சிக்னல் செத்துவிடும். சர்வரைக் கேட்க முடியாது. ஆதாரின் க்யூஆர் குறியீட்டில் ஆணையத்தின் 2048 பிட் மின்கையொப்பம் இருப்பதால் இணையம் இல்லாமலும் அது உண்மையானதா என்று சரிபார்க்கலாம், உள்ளே சிறு படமும் உண்டு. ஆனால் க்யூஆர் என்பது அச்சு. கைபேசியில் படம் எடுத்து இன்னொரு பிளாஸ்டிக்கில் அச்சடித்தால் பிரதியிலும் அதே கையொப்பம், அதே செல்லுபடி. சிப்பைப் பிரதி எடுக்க முடியாது. ரீடர் ஒவ்வொரு முறையும் புதிதாக ஓர் எண்ணைத் தாறுமாறாகத் தேர்ந்து கொடுத்து, 'இதை உன் ரகசியச் சாவியால் மறைத்துத் திருப்பிக் கொடு' என்று கேட்கும். சாவி சிப்பை விட்டு ஒருபோதும் வெளியே வராது. விடை மட்டும் வரும். நேற்று கேட்ட விடையைப் பதிவுசெய்து வைத்து இன்று ஓட்டினால் செல்லாது. க்யூஆர் கையெழுத்திட்ட கடிதம் என்றால், சிப் கேள்வி கேட்டால் பதில் சொல்ல நிற்கும் சாட்சி. சாட்சி தேவைப்படும் இடம் நெட்வொர்க் இல்லாத நடுக்கடல். அங்கே கொண்டுபோக வேண்டிய பொருளை நாம் கரையிலேயே கைவிட்டோம்.

அட்டை எல்லையைத் தாண்டியும் பேசும் என்பதற்கும் எடுத்துக்காட்டு இருக்கிறது. சரக்குக் கப்பலில் வேலை செய்கிறவர்களுக்குச் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2003இல் 185ஆம் எண் உடன்படிக்கையைக் கொண்டுவந்தது. இந்தியா 2015இல் அதை ஏற்றது, 2019இல் சிப்பில் முக அடையாளம் பதித்த கடலோடி அட்டையைக் கொடுக்கத் தொடங்கியது. மின்கடவுச்சீட்டுக்கு உரிய அதே சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பின் 9303 தரம்தான் அதற்கும் அளவுகோல். அந்தத் தரம் பொதுவில் இருக்கிறது. அதைப் படித்து ஜாவாவில் எழுதிய திறமூல நூலகம்கூட உண்டு; ஜேஎம்ஆர்டிடி என்று பெயர், நெதர்லாந்தின் நைமேகன் பல்கலைக்கழகத்தில் வேர்விட்டது. எந்தத் துறைமுகத்திலும் எந்த நாட்டு அதிகாரியும் அந்தச் சிப்பைக் கேட்கலாம், கையொப்பத்தைச் சரிபார்க்கலாம். தூத்துக்குடியில் கப்பல் ஏறும் மாலுமிக்குக் கிடைத்த இந்த உலக மொழி, தங்கச்சிமடத்தில் விசைப்படகு ஏறும் மீனவருக்குக் கிடைக்கவில்லை. அவருடைய அட்டை அவருடைய நாட்டின் ரீடருக்கு மட்டும் புரியும். எல்லை தாண்டினார் என்று இலங்கையில் பிடிபட்டு மன்னார் நீதிமன்றத்தில் நிறுத்தப்படும் நாளில் அது வெறும் பிளாஸ்டிக். இத்தனைக்கும் 185ஆம் உடன்படிக்கையின் முதல் பிரிவே, படகு உரிமையாளர் அமைப்புகளையும் மீனவர் அமைப்புகளையும் கலந்து, வணிக நோக்கிலான கடல் மீன்பிடிக்கும் இதை விரிவுபடுத்த ஒரு நாட்டுக்கு இடம் கொடுக்கிறது.

இன்னொரு பயன் உள்ளூரிலேயே இருக்கிறது. 2017 நவம்பர் இறுதியில் ஓகி புயல் வீசியபோது எத்தனை மீனவர்கள் கடலில் இருக்கிறார்கள் என்று அரசிடம் உறுதியான கணக்கு இல்லை. குமரிக் கரையில் ஊர்ப் பங்குத்தந்தையர்தான் வீடு வீடாகக் கேட்டுப் பட்டியல் எழுதினார்கள். அரசின் எண்ணும் ஊரின் எண்ணும் நாள்கணக்கில் முரண்பட்டு நின்றன. டோக்கன் வாங்கும் இடத்தில் படகு உரிமையாளரான சம்மாட்டி படகுக்குச் சீட்டு வாங்கும்போதே டிரைவரும் உடன் போகும் தொழிலாளிகளும் அட்டையை ரீடரில் ஒருமுறை வைத்துவிட்டுப் போனால், எந்தப் படகில் யார் போனார் என்பது அவர்கள் கையெழுத்தோடு கரையில் இருக்கும். காணாமல் போனவரின் மனைவி இழப்பீட்டுக்காக 'அவர் அன்று கடலுக்குத்தான் போனார்' என்று நிரூபிக்க அலுவலகம் அலுவலகமாக அலைய வேண்டியதில்லை. திரும்பி வந்ததும் இன்னொரு முறை வைத்தால் பதிவு முடிந்தது. அந்தப் பதிவை யார் பார்க்கலாம் என்பதையும் சிப்பிலேயே எழுதிவிடலாம்: மீன்வளத் துறையின் சாவிக்கு ஒரு கோப்பு, மருத்துவமனையின் சாவிக்கு ரத்த வகை, காவல் துறைக்குப் பெயரும் படகு எண்ணும் மட்டும். மற்றதற்கு 69 82.

இதைச் செய்துபார்க்கப் பெரிய ஆய்வுக்கூடம் தேவையில்லை. ஜாவா கார்டுக்கான உருவாக்கக் கருவிகளை இலவசமாகப் பெறலாம். ஜேகார்டுசிம் என்ற திறமூலப் பாவனை நிரலில், அட்டையே இல்லாமல் கணினியிலேயே அட்டையை ஓட்டிப் பார்க்கலாம். கீழக்கரையில் 1984இலிருந்து பொறியியல் கல்லூரி இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையேறி நிற்கும். படகுத் தொழிலாளிகள் ஊரில் இருப்பார்கள். அந்த நாட்களில் கணினித் துறை மாணவர்கள் ஜெட்டியில் உட்கார்ந்து, அட்டைக்குள் என்ன இருக்க வேண்டும், யார் அதைப் பார்க்கலாம், யார் பார்க்கக் கூடாது என்று முதலில் அவர்களிடமே கேட்டு எழுதிக்கொள்ளலாம். பெயருக்கு எத்தனை பைட் ஒதுக்குவது என்பதும் அந்தப் பேச்சிலேயே தெரிந்துவிடும்.